ஈரப் போர்வையில் விழுந்த நிழல்

போலீஸ் அலுவலகத்தின் இரண்டாவது மாடியில், ஜெராக்ஸ் மெஷினுக்கும் தண்ணீர் கேனுக்கும் நடுவே பலகை வைத்துத் தடுத்த ஓர் அறை. அதில் உட்கார்ந்து பென்சில் மேடம் இருபத்திரண்டு வருடமாக முகங்கள் வரைந்துகொண்டிருந்தாள். அந்தப் பெயரை முதலில் யார் வைத்தார்கள் என்று யாருக்கும் நினைவில்லை. அவள் கணவனே சில நேரம் வீட்டில் அப்படிக் கூப்பிட்டு வாங்கிக் கட்டிக்கொள்வான். சங்கிலி பறித்தவன், ஸ்கூட்டர் திருடியவன், கதவைத் தட்டிக் கத்தியைக் காட்டியவன் என்று அவள் வரைந்த முகங்கள் அலமாரி அலமாரியாகக் கிடந்தன. பார்த்தவர் எதிரே உட்கார்ந்து சொல்லுவார். அவள் கோடு போடுவாள், அழிப்பாள், மறுபடி போடுவாள். படம் சரியாக வந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள அவளுக்கு இருந்தது ஒரே வழிதான்: எதிரே இருப்பவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழத் தொடங்குவார். உடனே தாளைக் கவிழ்த்துவிட்டு எழுந்துபோய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பாள். வேலை நன்றாக அமைந்த நாட்களில்தான் அவளுக்கு வீட்டில் சாப்பாடு இறங்காது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வனத்துறை ரேஞ்சர் ஒருவர் அந்த அறை வாசலில் வந்து நின்றார். முப்பது வயது இருக்கும். பூட்ஸ் முழுக்கச் சேறு, கண்ணில் தூக்கம்.

"மேடம், நீங்க மிருகம் வரைவீங்களா?"

"மனுஷங்களைத்தான் வரைவேன். அதுல பாதி மிருகம்தான்" என்றாள் அவள்.

ரேஞ்சர் சிரித்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். ஊரின் ஓரத்தில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்று இருக்கிறது. அதன் பின்பக்கம் மூடிக் கிடக்கும் ஓட்டுத் தொழிற்சாலை, அதைத் தாண்டினால் புதர்க்காடு, அப்புறம் மலை. பத்து நாளாக விடியற்காலையில் ஏதோ ஒன்று அங்கே நடமாடுகிறது. ஆஸ்பத்திரி கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி, சிறுத்தை என்று சத்தியம் செய்கிறார். பால் வேன் டிரைவர் கரடி என்கிறார். காலையில் நடக்கப் போகும் ரிட்டயர்டு கணக்கு வாத்தியார், ஓநாய் என்று அடித்துச் சொல்கிறார். காலடித் தடத்தை எல்லாம் வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் மிதித்துக் கூழாக்கிவிட்டது. கேட் கேமராவில் விழுந்தது கரித்துணி பறந்த மாதிரி ஒரு கறை மட்டும்.

"பிள்ளைங்களை யாரும் ஸ்கூலுக்கு அனுப்ப மாட்டேங்கிறாங்க மேடம். கறியில விஷம் தடவிப் போடலாம்னு ரெண்டு பேரு கிளம்பிட்டாங்க. மேல இருக்கறவங்க சிறுத்தைன்னே முடிவு பண்ணி, வெள்ளிக்கிழமை சுடறதுக்கு ஆளை வரச் சொல்லிட்டாங்க. எனக்கு அது சிறுத்தை இல்லைன்னு தோணுது. ஆனா எனக்குத் தோணுறதை எந்த ஃபைல்ல வைக்கிறது?"

"வேற என்னன்னு தோணுது உங்களுக்கு?"

"சொல்ல மாட்டேன். சொன்னா உங்க கை அந்தப் பக்கமே போயிடும்."

அந்தப் பதில் அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. இத்தனை வருடத்தில் ஒரு இன்ஸ்பெக்டராவது இப்படி வாயைக் கட்டிக்கொண்டு இருந்ததில்லை.

அன்று மத்தியானமே மூன்று பேரையும் வரவழைத்தார்கள். என்ன பார்த்தீர்கள் என்று அவள் யாரையும் கேட்பதில்லை. எதற்குப் பக்கத்தில் நின்றது, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வந்தது என்றுதான் தொடங்குவாள். செக்யூரிட்டி அதற்கெல்லாம் பிடி கொடுக்கவில்லை.

"புள்ளி இருந்துச்சா?" என்று கடைசியில் அவளே கேட்டாள்.

"சிறுத்தைன்னா புள்ளி இருக்கும்ல மேடம்?"

"நீங்க பார்த்தீங்களா?"

"நான் பார்க்கும்போது நான் ஓடிட்டு இருந்தேன் மேடம்."

டிரைவருக்குக் கழுத்தில் சிலிர்த்து நின்ற முடி மட்டும் நினைவிருந்தது. வாத்தியார், முதுகு முன்னால் உயர்ந்து பின்னால் இறங்குவதாகவும், சரிவு இருபது டிகிரிக்குக் குறையாது என்றும் சொன்னார். அவர் சொன்னதைச் செக்யூரிட்டி மறுத்தார், செக்யூரிட்டி சொன்னதை டிரைவர் மறுத்தார். மூன்று பேர் சொன்னதையும் சேர்த்து அவள் ஒரு படம் வரைந்து முடித்தபோது மாலை நாலு மணி.

ரேஞ்சர் படத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். உதட்டைக் கடித்துக்கொண்டார். "மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. இது எங்க பெரியப்பா மாதிரி இருக்கு. யாரு மேலயோ கோபமா வேற இருக்காரு."

அவளும் சிரித்துவிட்டாள். ஆனால் அது சுருக்கென்று தைத்தது. தவறு எங்கே என்று பார்த்தவுடன் தெரிந்தது. இத்தனை வருடம் மனித முகமே வரைந்து பழகிய கை, கேட்காமலே இரண்டு கண்ணையும் முன்பக்கம் வைத்து, மேலே புருவம் போட்டு, நடுவே மூக்குத் தண்டை நிறுத்திவிட்டது. கால்கள் மேஜைக்கால்கள் மாதிரி நேராக நின்றன. உடம்பு முழுவதும் ஒரு முடி விடாமல் வரைந்திருந்ததில், மிருகம் பாட்டில் கழுவும் பிரஷ் போல இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் கைப்பையைக்கூட வைக்காமல் கணவனை ஹாலுக்குக் கூப்பிட்டாள். அவன் எலக்ட்ரீஷியன். அப்போதுதான் குளித்துவிட்டுத் துண்டோடு வந்து நின்றான்.

"கொஞ்சம் நாலு கால்ல நில்லுங்க."

"என்னது?"

"கையை ஊனி, முட்டி போட்டு நடங்க. தோள்பட்டை எப்படி அசையுதுன்னு பார்க்கணும்."

"இருபது வருஷம் குடும்பம் நடத்தினதுக்கு இதுதான் மரியாதையா?" என்று முணுமுணுத்தாலும், அவன் சோபாவிலிருந்து டிவி வரைக்கும் நாலு காலில் நாலு நடை நடந்தான். ஊன்றிய கைப்பக்கம் தோள் எலும்பு முதுகுக்கு மேலே ஏறுவதையும், தூக்கிய கைப்பக்கம் இறங்குவதையும் அவள் விறுவிறுவென்று கோடுகளாகப் பிடித்தாள். ஐந்தாவது நடையில் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். பெரிய மனசு அவனுக்கு. மறுநாள் தைலம் தடவிக்கொண்டானே தவிர, யாரிடமும் சொல்லிக் காட்டவில்லை.

புதன்கிழமை காலை அவள் லீவு சொல்லிவிட்டுக் கால்நடை மருத்துவமனைக்குப் போனாள். மயக்க ஊசி போட்டுப் படுக்க வைத்திருந்த ஒரு பெரிய நாயின் பின்னங்காலைத் தொட்டுப் பார்க்க விட்டார்கள். பின்பக்கமாக மடங்கும் முட்டி என்று இத்தனை நாள் நினைத்திருந்தது உண்மையில் குதிகால். உண்மையான முட்டி அதற்கு ஒரு சாண் மேலே, வயிற்றை ஒட்டி ஒளிந்திருந்தது. அது புரிந்ததும் அவள் வரைந்த கால்கள் நிற்பதை விட்டுவிட்டு நடக்கத் தொடங்கின. முடி விஷயமும் அங்கேதான் விளங்கியது. வெளிச்சம் விழும் இடத்தில் தாளைச் சும்மா விட்டுவிட வேண்டும். வெளிச்சம் நிழலுக்குள் திரும்பும் விளிம்பில் மட்டும், முடி படியும் திசையிலேயே, நாலு கீற்றுப் போட்டால் போதும். மிச்ச முடியைப் பார்ப்பவர் கண்ணே முளைக்க வைத்துக்கொள்ளும். நாய் கண் விழிப்பதற்குள் பதினேழு தாள் தீர்ந்திருந்தது.

இப்போது கை தயார். சொல்வதற்குத்தான் ஒழுங்கான ஆள் இல்லை.

வெளிச்சம் எப்படி விழுகிறது என்று நேரில் பார்க்கலாம் என்று அன்று மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போனாள். கேட்டைப் பார்த்துவிட்டுச் சுவரை ஒட்டி நடந்து பின்பக்கம் வந்தபோது, பெரிய முற்றம் முழுக்கக் கொடி கட்டி வெள்ளைப் போர்வைகள் காய்ந்துகொண்டிருந்தன. அதன் நடுவே, வாயில் இரண்டு கிளிப்பைக் கவ்விக்கொண்டு, ஐம்பத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி துணியை உதறிப் போட்டுக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவள் லாண்டரியக்கா.

"நீங்கதான் அந்த மிருகத்தை வரையற போலீஸா?" கிளிப்பை எடுத்துவிட்டு அவளே கேட்டாள். "நானும் பார்த்தேன். மூணு வாட்டி."

"மூணு வாட்டியா? யாருகிட்டயும் சொல்லலையா அக்கா?"

"என்னை யாரு கேட்டா? கேட்ல நிக்கிறவரைக் கேட்டாங்க. ரோட்டுல போறவரைக் கேட்டாங்க. பின்னால துணி காயப்போடறவளை யாரு கேக்கறா?"

"பார்த்ததும் கத்தலையா?"

"வாயில கிளிப் இருந்துச்சும்மா. எப்படிக் கத்துறது?"

பென்சில் மேடம் அங்கேயே ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். லாண்டரியக்கா பார்த்ததைச் சொல்லத் தொடங்கினாள். முதல் தடவை அவள் மிருகத்தைப் பார்க்கவே இல்லை. சூரியன் சுவருக்கு மேல் தலை நீட்டும் நேரம். ஈரப் போர்வைக்கு இந்தப் பக்கம் இவள்; அந்தப் பக்கம் அது. போர்வையில் அதன் நிழல் முழுசாக விழுந்து, மெல்ல நடந்து போயிருக்கிறது. இரண்டாவது தடவையும் அப்படியே. மூன்றாவது தடவைதான் அது போர்வையின் ஓரத்தைத் தாண்டி வெளியே வந்து, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று இவளைப் பார்த்திருக்கிறது.

"நாளைக்குக் காலையில அதே நேரத்துக்கு நான் வரேன் அக்கா. அதே கொடியில ஈரப் போர்வை போட்டு வெக்கறீங்களா?"

"அது என் வேலைதானே. நீங்க வந்தாலும் போடுவேன், வராட்டியும் போடுவேன்."

வியாழக்கிழமை விடிகிற நேரத்தில் பென்சில் மேடம் அங்கே இருந்தாள். ரேஞ்சரின் ஆட்கள் இரண்டு பேர் சுவரோரம் காவலுக்கு நின்றார்கள். சூரியன் மேலே வந்ததும் போர்வை பளீரென்று விளக்கு ஏற்றிய மாதிரி ஆயிற்று. அவள் ஒரு டப்பா நிறைய ஊக்குகளை லாண்டரியக்காவிடம் நீட்டினாள்.

"நிழல்ல காது நுனி எங்க வந்துச்சு? அந்த இடத்துல ஒண்ணு குத்துங்க. அப்புறம் முதுகு. அப்புறம் வால் தொடங்கற இடம்."

லாண்டரியக்கா கொஞ்ச நேரம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றாள். அப்புறம் யோசிக்காமல் குத்திக்கொண்டே போனாள். காது நுனி, கழுத்து, தோள். தோளிலிருந்து கையைச் சரசரவென்று கீழே இறக்கினாள். "இங்கேர்ந்து ஒரே சரிவு. எங்க மாமியார் மாடிப்படி ஏறும்போது பார்க்கணும் நீங்க. முன்னாடி தூக்கி, பின்னாடி உட்கார்ந்த மாதிரியே வருவாங்க. அப்படி." பின்னங்கால் வரைக்கும் முப்பத்தொரு ஊக்கு. பென்சில் மேடம் அந்தப் புள்ளிகளைத் தாளில் இறக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே கோட்டால் இணைத்தாள். கணக்கு வாத்தியார் சொன்ன சரிவு அச்சாக அப்படியே வந்தது. அந்த மனிதரை அவள் மனதார வாழ்த்தினாள்.

"இப்போ தொட்டி பக்கத்துல நின்னப்போ எப்படி இருந்துச்சுன்னு சொல்லுங்க. எங்கெங்க இருட்டு?"

"மூஞ்சி இருட்டு. மூக்கைச் சுத்திக் கரி பூசின மாதிரி. தொண்டையும் கறுப்பு. முதுகு மேல நீள முடி, நம்ம ஹெட் நர்சு கொண்டை அவிழ்ந்தா எப்படி இருக்கும், அப்படிக் கலைஞ்சு கிடந்துச்சு. உடம்பு வெளுத்த நிறம். குறுக்கால வரி வரியா... அயர்ன் பண்ணாம மடிச்சு வெச்ச துணியில விழுமே, அந்த மாதிரி. காலுக்குக்கூட வரி இருந்துச்சு."

பென்சில் மேடம் டூ பி பென்சிலை வைத்துவிட்டு, இன்னும் கறுப்பாகப் பதியும் சிக்ஸ் பி எடுத்தாள். கறுப்பை ஒரேயடியாக அப்பவில்லை. முதலில் லேசாக ஒரு பூச்சு, அதன் மேல் இன்னொன்று, தொண்டைக்கடியில் மட்டும் மூன்றாவது. வரிகளைத் தட்டையாகப் போடாமல் வயிற்றின் வளைவோடு வளைத்தாள். மாவு போல மெத்தென்ற அழிரப்பரைப் பிசைந்து கூராக்கி, முதுகு முடியில் வெயில் பட்ட இடத்தை ஒற்றி எடுத்தாள்.

"முன்னங்கால் ஒண்ணு தரையில படலை. இடது கால். தூக்கியே வெச்சிருந்துச்சு."

"கண்ணு?"

லாண்டரியக்கா தொட்டிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "பயந்துச்சும்மா. என்னைப் பார்த்து அது பயந்துச்சு. என் வீட்டுக்காரர்கூட இதுவரைக்கும் என்னைப் பார்த்து அப்படிப் பயந்தது கிடையாது."

புருவம் இல்லாமல் பயத்தை எப்படிக் காட்டுவது? கொஞ்ச நேரம் பென்சிலை உருட்டிக்கொண்டே இருந்தாள். அப்புறம் ஒரு காதை மட்டும் பின்னால் சாய்த்து, தலையை இம்மி அளவு தாழ்த்தி, கண்ணில் ஒரு பொட்டு வெள்ளையை விட்டு மிச்சத்தை இருட்டாக்கினாள். தாளைத் திருப்பிக் காட்டினாள்.

லாண்டரியக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். கண் கலங்கியது. பழக்க தோஷத்தில் பென்சில் மேடத்தின் கை தாளைக் கவிழ்க்கப் போயிற்று. தண்ணீருக்கு எங்கே போவது என்று கண் தேடியது.

"அட! கவுக்காதீங்க, கவுக்காதீங்க!" லாண்டரியக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அதேதான்! வந்துட்டியா நீ, வந்துட்டியா? என்னைப் பார்த்துப் பயந்த மூஞ்சியைப் பாரு!" சத்தம் கேட்டுக் காவலுக்கு நின்றவர்கள் ஓடி வந்தார்கள். அவர்களுக்கும் படத்தைக் காட்டி, ஏதோ தன் சொந்தக்காரர் கல்யாண போட்டோ போல ஒவ்வொன்றாக விளக்க ஆரம்பித்துவிட்டாள்.

பென்சில் மேடம் பக்கெட் மேல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். தான் சரியாக வரைந்த ஒன்றைப் பார்த்து ஒரு ஆள் சிரிப்பதை அவள் அன்றுதான் பார்த்தாள். இந்தக் கைக்கு இதுவும் தெரிந்திருக்கிறதே என்று இருந்தது.

பத்து மணிக்கு ரேஞ்சர் வந்தார். படத்தை வாங்கியவர் அப்படியே துணி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார்.

"கழுதைப்புலி" என்றார். "வரிக் கழுதைப்புலி. இந்தப் பக்கம் நாற்பது வருஷமா யாரும் பார்த்ததில்ல மேடம். அதான் வெளியில சொல்லப் பயந்தேன். செத்ததைத் தின்னுட்டுப் போற பிராணி. கசாப்புக் கடைக்காரங்க தொழிற்சாலைக்குள்ள கொட்டற கழிவுக்குத்தான் வந்திருக்கும். கால்ல அடிபட்டதால தூரம் போக முடியலை போல." எழுந்து நின்று, இரண்டு பேரையும் பார்த்துக் கும்பிட்டார். "நீங்க ரெண்டு பேரும் செஞ்ச உதவியை மறக்க மாட்டேன்."

"என்னை எதுக்குப்பா கும்பிடறே? நான் துணி காயப்போட்டேன், அவ்வளவுதான்" என்றாள் லாண்டரியக்கா. ஆனால் முகம் பூரித்துப்போயிருந்தது.

படமும் கால்நடை மருத்துவமனை டாக்டர் எழுதிக் கொடுத்த குறிப்பும் அன்று சாயங்காலத்துக்குள் மேலிடத்துக்குப் போயின. சுட வர வேண்டியவரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். படத்தை நகலெடுத்து, 'இது சிறுத்தை இல்லை, இது யாரையும் துரத்தாது, கறி போடாதீர்கள்' என்று எழுதித் தெருத்தெருவாக ஒட்டினார்கள். பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு காலைத் தூக்கி நொண்டிக்கொண்டே போனார்கள். செக்யூரிட்டி கேட்டில் நின்று, சிறுத்தையாக இருக்காது என்று தான் அப்போதே சொன்னதாக வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை காலை, ரேஞ்சர் தொழிற்சாலைக்குள் வைத்திருந்த கூண்டில் கழுதைப்புலி இருந்தது. இடது முன்னங்காலில், யாரோ முயலுக்கு வைத்த கம்பிக் கண்ணி சதையோடு இறுகிக் கிடந்தது.

கால் ஆற மூன்று வாரம் பிடித்தது. மலைக்கு அந்தப் பக்கம் அடர்ந்த காட்டு விளிம்பில் கொண்டுபோய் விடுகிற அன்று ரேஞ்சர் இரண்டு பெண்களையும் ஜீப்பில் அழைத்துப் போனார். மத்தியான வெயில். கூண்டைத் திறந்துவிட்டு எல்லோரும் தள்ளி வந்து நின்றார்கள். அரை மணி நேரம் அது வெளியே வரவே இல்லை. பென்சில் மேடம் பையில் வைத்திருந்த நோட்டை எடுக்கவில்லை. பார்த்தால் போதும் என்றிருந்தது.

அப்புறம் மூக்கு தெரிந்தது, கறுத்த முகம் தெரிந்தது. இறங்கி நின்று காற்றை மோந்தது. நாலு காலையும் ஊன்றித்தான் நின்றது. முதுகு முடி சிலிர்த்து எழ, சரிந்த உடம்போடு புல்லுக்குள் நடந்து, புதர் நிழலில் கலந்து காணாமல் போயிற்று.

"வால் நீங்க போட்டதைவிடப் புசுபுசுன்னு இருக்கு பார்த்தீங்களா?" என்று லாண்டரியக்கா கிசுகிசுத்தாள். "நான் அன்னைக்கே சொன்னேன், நீங்கதான் கேக்கலை."

திரும்பி வரும் வழியில் ஜீப் குலுங்கிக் குலுங்கிப் போனது. பென்சில் மேடம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் இருந்தவளைப் பார்க்காமலே சொன்னாள். "அக்கா, உங்களுக்கு நான் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியலை."

"எனக்கா? நான்தான் உங்களுக்குச் சொல்லணும். இருபத்தஞ்சு வருஷமா அங்க வேலை பார்க்கறேன். நீ என்ன பார்த்தேன்னு ஒருத்தர் வந்து உட்கார்ந்து என்னைக் கேட்டது அதுதான் முதல் தடவை."

லாண்டரியக்கா ஆஸ்பத்திரி வருகிற வரைக்கும் அவள் தோளில் சாய்ந்து நன்றாகத் தூங்கினாள்.

பென்சில் மேடம் இன்னும் அந்த இரண்டாவது மாடி அறையில்தான் முகங்கள் வரைகிறாள். அழுகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கிறாள். ஆனால் ரேஞ்சர், காட்டு வாசலில் வைக்கும் தகவல் பலகைகளுக்காக இருபது மிருகங்கள் வரைந்து தரச் சொல்லியிருக்கிறார். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் மிருகக்காட்சி சாலையில் ஏதாவது ஒரு வேலிக்கு முன்னால் நோட்டும் கையுமாக உட்கார்ந்திருப்பாள். துணி சீக்கிரம் காய்ந்துவிட்ட நாட்களில் லாண்டரியக்காவும் வந்துவிடுவாள்.

போன ஞாயிற்றுக்கிழமை காட்டுப்பன்றி. தாடையின் நிழலை ஒரு மணி நேரமாக ஏற்றி, விலாவில் வெயில் படும் இடத்தைக் கை படாமல் விட்டு, நிறைவாக நிமிர்ந்து பார்த்தாள் பென்சில் மேடம். லாண்டரியக்கா எட்டிப் பார்த்தாள். வேலிக்குள் பார்த்தாள். மறுபடி நோட்டைப் பார்த்தாள்.

"ஏம்மா, அங்க நல்லாத் தின்னு கொழுத்துக் கிடக்கு. உங்க நோட்டுல இப்படி வயிறு ஒட்டிப்போயிருக்கே. பாவம், அதுக்கும் ஏதாவது போடுங்க."

பென்சில் மேடம் மறு பேச்சுப் பேசாமல் அழிரப்பரை எடுத்தாள்.